டயாலிசிஸ் செய்துகொள்பவரிடம் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

வாரத்திற்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குக் களைப்பும் பசியின்மையும் தூக்கக் குறைவும் சிறுநீரக நோயாலேயே வரக்கூடும் என்பதால், அவற்றினூடே மறைந்திருக்கும் மனச்சோர்வை வீட்டார் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள். ஆகவே, கடந்த 2 வாரங்களில் பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்தோ நம்பிக்கையிழந்தோ இருந்ததா, முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் குறைந்துவிட்டதா என்று அவரிடமே கேளுங்கள். உடனே தைரியம் சொல்லத் தொடங்காமல், பதிலை முழுவதுமாகக் கேட்பது மிக முக்கியம். ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் சிறுநீரக மருத்துவரிடம் தெரிவியுங்கள். மனச்சோர்வுக்கான சில மருந்துகளின் அளவைச் சிறுநீரகச் செயல்பாட்டுக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கும். இந்தியாவில் டெலி மானஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். சிகிச்சையே வேண்டாம் என்றோ வாழ விருப்பமில்லை என்றோ அவர் சொன்னால், தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.