என் பக்கத்தில் முதலில் பாடுவது பூங்குருவி

கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையில் எங்கள் பூண்டு வயலுக்குக் கீழே ஓர் ஓடை இருக்கிறது. மழைக்காலத்து விடியலில் அங்கே சீகாரப் பூங்குருவி பாடும். பாதி மெட்டை மறந்துவிட்ட யாரோ ஒருவர் சீட்டியடித்துக்கொண்டே நடந்து போவதுபோல் இருக்கும். அதைப் பதிவு செய்யத் தொடங்கித்தான் இந்த வேலைக்குள் வந்தேன். இப்போது காட்டு ஒலிகள், சில வீடியோக்கள், ஒரு வினாடி வினா, மலைப்பூண்டு விற்பனை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இணையப் பக்கம் வைத்திருக்கிறேன். அதை எப்படிக் கட்டினேன், எதையெல்லாம் கழற்றினேன் என்று கேட்பவர்களுக்காக இது.

இன்ஸ்டாகிராமின் சுயகுறிப்பில் முன்பு ஒரே ஓர் இணைப்புதான் வைக்க முடியும். 2023 ஏப்ரலில் அதை 5 ஆக்கினார்கள். ஐந்து கிடைத்த பிறகும் நான் இந்த ஒற்றைப் பக்கத்தை விடவில்லை. இணைப்பை அழுத்தி யூடியூபுக்குப் போகிறவர் திரும்பி வருவதில்லை. அங்கே அவருக்காக வேறு ஆயிரம் வீடியோக்கள் காத்திருக்கின்றன. ஒலி என் பக்கத்துக்குள்ளேயே கேட்டால், கேட்டு முடித்தவரின் கண் அடுத்த வரிக்கு இறங்கும்.

நான் பயன்படுத்துவது கூகுள் சைட்ஸ் என்ற இணையப் பக்கம் கட்டும் கருவி. அழகு சுமார்தான், ஆனால் காசு கேட்காது. வலப்பக்கத்தில் ‘இன்சர்ட்’ பட்டியலில் யூடியூப், வரைபடம், படிவம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பொத்தான்கள் உண்டு. மற்றவற்றுக்கு ‘எம்பெட்’, அதாவது வேறு தளத்தில் இருப்பதை நம் பக்கத்துக்குள் பதிப்பது. அதில் முகவரியை மட்டும் ஒட்டலாம், அல்லது அந்தந்தத் தளம் தரும் ஐஃப்ரேம் குறியீட்டை ஒட்டலாம். ஐஃப்ரேம் என்பது உங்கள் சுவரில் அடுத்தவர் வீட்டுக்கு ஒரு ஜன்னல் வைப்பது மாதிரி. ஜன்னல் உங்களுடையது, உள்ளே தெரிவது அவர்களுடையது. அவர்கள் கதவைச் சாத்தினால் உங்கள் பக்கத்தில் சாம்பல் நிறக் கட்டம்தான் மிஞ்சும். வங்கித் தளங்கள் போன்றவை தங்களை இப்படிப் பதிக்கவே விடுவதில்லை.

யூடியூபில் கணினியிலிருந்து ‘ஷேர்’, பிறகு ‘எம்பெட்’ அழுத்தினால் குறியீடு வரும். அந்தப் பெட்டியிலேயே ‘ஸ்டார்ட் அட்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, தவறவிடாதீர்கள். என் பதிவில் முதல் 47 நொடிகள் வெறும் காற்றும் என் இருமலும்தான். அந்தக் கட்டத்தில் நேரத்தைக் குறித்துவிட்டால் நேராகக் குருவியில் தொடங்கும். வீடியோ ‘பிரைவேட்’ என்றிருந்தால் பதிக்க முடியாது, ‘அன்லிஸ்டட்’ (தேடலில் வராது, இணைப்பு உள்ளவர் பார்க்கலாம்) என்றிருந்தால் முடியும். வீடியோவின் விவரப் பக்கத்தில் ‘அலோ எம்பெடிங்’ குறியிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதல் தடவை ஆசையில் ஒன்பது எம்பெட் வைத்தேன். வீடியோ நான்கு, இன்ஸ்டாகிராம் பதிவு மூன்று, வரைபடம் ஒன்று, படிவம் ஒன்று. வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த என் தங்கை, பெருமாள்மலை தாண்டியதும் திறந்து பார்த்திருக்கிறாள். “அக்கா, வெள்ளையாகவே இருக்கிறதே” என்று போன் செய்தாள். யூடியூப் கட்டம் ஒவ்வொன்றும், யாரும் அதை ஓட்டாவிட்டாலும், சில நூறு கிலோபைட்டை முன்கூட்டியே இறக்குகிறது. வீட்டு வைஃபையில் இது தெரியவே தெரியாது. இப்போது என் பக்கத்தில் உண்மையான வீடியோ கட்டம் ஒன்றுதான், அது மேலே இருக்கிறது. மீதியெல்லாம் சிறு படங்கள். படத்தைத் தொட்டால்தான் வீடியோ. இணையப் பக்கத்தின் குறியீடான எச்டிஎம்எல்லைக் கையால் எழுதுபவர்கள் ஐஃப்ரேமில் ‘லோடிங்’ என்பதற்கு ‘லேஸி’ என்று கொடுத்துவிட்டால், திரை அங்கே நெருங்கும்வரை அது இறங்காது.

வினாடி வினாவில் நான் பட்ட பாடு தனிக்கதை. கூகுள் படிவத்தின் அமைப்பில் அதை வினாடி வினாவாக மாற்றும் பொத்தான் இருக்கிறது. சரியான விடையும் மதிப்பெண்ணும் குறிக்கலாம். ஆனால் ஒலிக்கோப்பை நேரடியாகப் போட வழியில்லை, படமோ யூடியூப் வீடியோவோதான். அதனால் கறுப்புத் திரையோடு ஒலியை வீடியோவாக ஏற்றிப் போட்டேன். ‘இது யார் குரல்?’ என்று கேள்வி. பழனிச் சிரிப்பான் என்ற பறவை, பூங்குருவி, கருமந்திக் குரங்கு, மலை அணில் என்று நான்கு விடைகள். பதில் அனுப்பிய எல்லாருக்கும் முழு மதிப்பெண்! நம் மக்களுக்கு இவ்வளவு காட்டறிவா என்று ஒரு நாள் முழுக்கப் பூரித்துப்போனேன். பிறகுதான் பார்த்தேன், வீடியோவின் மேல் விளிம்பில் அதன் தலைப்பு வருகிறது: ‘கருமந்தி, கூக்கால் சோலை’. இப்போது என் தலைப்புகள் எல்லாம் ‘ஒலி 1’, ‘ஒலி 2’ என்றுதான். மதிப்பெண்ணும் இறங்கிவிட்டது. கருமந்தியின் ஊளையைப் பாதிப் பேர் பறவை என்றே நினைக்கிறார்கள்.

படிவத்தில் ‘ஒருவருக்கு ஒரு பதில் மட்டும்’ என்பதை இயக்காதீர்கள். இயக்கினால் கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும். இன்ஸ்டாகிராமிலிருந்து வருபவருக்கு உங்கள் பக்கம் அந்தச் செயலிக்குள்ளேயே ஒரு குட்டி ஜன்னலில் திறக்கிறது, அங்கே அவருடைய கூகுள் கணக்கு இருக்காது. ஒரு குரங்கின் குரலுக்காகக் கடவுச்சொல் தேடுகிறவர் யாரும் இல்லை.

வரைபடம் பற்றிச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கூகுள் மேப்ஸில் ‘ஷேர்’ போய் ‘எம்பெட் எ மேப்’ எடுத்து ஒட்டுவது மிக எளிது. எளிது என்பதாலேயே, சிரிப்பான்கள் கூடு கட்டும் சோலை ஓரத்தைத் துல்லியமாகக் குறித்துப் போட்டேன். சில வாரங்களில் கேமராக்களோடு ஆட்கள் வந்தார்கள். ஒலிபெருக்கியில் என் பதிவையே திரும்பத் திரும்ப ஓட்டி அவற்றை வெளியே அழைத்தார்கள். தன் எல்லைக்குள் வேறொரு பறவை வந்துவிட்டதென்று நினைத்துச் சிரிப்பான் பதறி வரும். அடைகாக்க வேண்டிய நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடி அலையும். அன்றிரவே குறியை எடுத்துவிட்டேன். இப்போது வரைபடத்தில் இருப்பது குழந்தை வேலப்பர் கோயில். காட்டுயிர் பதிவு செய்பவர்கள் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களும் வீட்டு வாசலைக் குறிக்க வேண்டாம்.

விற்பனைப் பகுதிக்கு எம்பெட் எதுவும் தேவையில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் விசாரிப்பவர்கள் கூடினார்கள். அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் இணைப்பு போதும். அந்த இணைப்பில் உங்கள் போன் எண்ணுக்கு முன்னால் 91 மட்டும் வர வேண்டும், கூட்டல் குறியோ பூஜ்யமோ கூடாது. பணத்துக்குக் க்யூஆர் படத்தை மட்டும் வைத்து ஏமாந்தவள் நான். போனில் பக்கத்தைப் பார்ப்பவர் அதே போனை வைத்து எதை ஸ்கேன் செய்வார்? யுபிஐ ஐடியை எழுத்தாகவும் கீழே போடுங்கள், நகலெடுத்துக்கொள்வார்கள்.

மாற்றம் செய்தபின் ‘பப்ளிஷ்’ அழுத்தினால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். பிறகு உங்கள் கூகுள் கணக்கில் உள்நுழையாத உலாவி ஜன்னலில் ஒரு முறை, இன்ஸ்டாகிராமுக்குள்ளிருந்து ஒரு முறை திறந்து பாருங்கள். மூன்றாவது சோதனைக்கு நான் பஸ் நிறுத்தத்துக்கு மேலே உள்ள வளைவுக்கு நடந்து போகிறேன். அங்கே சிக்னல் ஒரே ஒரு கோடு. பத்து நொடிக்குள் பூங்குருவி பாடினால் வீடு திரும்புவேன். பாடாவிட்டால் பக்கத்திலிருந்து ஏதாவது ஒன்றைக் கழற்றுவேன். போன தடவை கழற்றியது என் புகைப்படத்தை.