முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

கோத்தகிரியில் பதினாறு ஆண்டுகளாகச் சிறிய மின்னணுக் கருவிகளைப் பழுது பார்க்கிறேன். எமர்ஜென்சி விளக்கு, காட்டுப்பன்றிக்குப் போடும் சோலார் வேலியின் பெட்டி, கேட் ரிமோட், தராசு என்று எது வந்தாலும் அதனுடன் சர்க்யூட் வரைபடம் வருவதில்லை. வரைபடம் இல்லாத கருவியைத் திறந்து, அது எப்படி வேலை செய்கிறது என்று நாமே கண்டுபிடிப்பதைத்தான் ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்கிறார்கள். பாலிடெக்னிக் முடித்த பிள்ளைகள் கடைக்கு வந்து இதைக் கற்றுத்தரும்படி கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். எல்லாக் கருவிகளையும் இழுத்துப் போட்டால் எதையும் உருப்படியாகச் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் தேயிலை வைத்திருக்கும் வீடுகளில் தொங்கும் 50 கிலோ மின்னணுத் தராசு போதும்.

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் தராசை நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கம்பி கோத்த ஈய முத்திரை இருந்தால் அது கொடுக்கல் வாங்கலுக்கான தராசு; தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் சோதித்துப் போட்டது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி அதைப் பழுது பார்க்க உரிமம் வேண்டும். பார்த்த பிறகு மறுமுத்திரையும் வேண்டும். அப்படிப்பட்ட தராசு வந்தால் நான் கையே வைக்காமல் உரிமம் உள்ளவரிடம் அனுப்பிவிடுவேன். விவசாயி தன் வீட்டில் மூட்டை கட்டும்போது தனக்காக நிறுத்துப் பார்க்க வாங்கிய தராசைத்தான் திறக்கிறேன். இந்த வேறுபாடு ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உறைபனி விழுந்த காலையில் வெளியிலிருந்து கொண்டுவந்த கருவியை உடனே திறக்காதீர்கள். கடைச் சூட்டுக்கு உள்ளே வியர்த்துவிடும். ஒரு மணி நேரம் மேசையில் கிடக்கட்டும். பிறகு பேட்டரியைக் கழற்றி, ஒவ்வோர் அடுக்கையும் பிரிக்கும்போது போட்டோ எடுங்கள். வேலிப்பெட்டி என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அதன் பெரிய மின்தேக்கியில் பல நூறு வோல்ட் தேங்கி நிற்கும். மின்தடை வைத்து அதை இறக்காமல் விரலைக் கொண்டுபோகக் கூடாது.

தராசின் உயிர் லோட் செல். கொக்கி இழுக்கும்போது ஓர் உலோகத் துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது. அதன்மேல் ஒட்டிய மெல்லிய மின்தடைகள் நீள்கின்றன, சுருங்குகின்றன. அவை நான்கும் ஒரு சதுரமாக இணைந்திருக்கும். வெளியே வருபவை நான்கு கம்பிகள். பெரும்பாலும் சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை. ஆனால் நிறத்தை நம்பி இணைக்காதீர்கள், அளந்து பாருங்கள்.

நான்கு கம்பிகளையும் சர்க்யூட் பலகையிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, இரண்டிரண்டாக அளந்து நோட்டில் எழுதுங்கள். ஆறு அளவுகள் கிடைக்கும். அவற்றில் இரண்டு மட்டும் பெரிதாக இருக்கும். மற்ற நான்கும் ஏறக்குறைய அதில் முக்கால் பங்கு. பெரியது 1000 ஓம் என்றால் மற்றவை 750-ஐ ஒட்டி வரும். 350 ஓம் என்றால் 262-ஐ ஒட்டி வரும். சதுரத்தின் எதிர் மூலைகளுக்கிடையே அளந்தால் முழு மதிப்பும், அடுத்தடுத்த மூலைகளில் முக்கால் மதிப்பும் வரும் என்பது கணக்கு. ஆக, பெரிய அளவு காட்டிய இரண்டு ஜோடிகளில் ஒன்று மின்சாரம் கொடுக்கும் ஜோடி, மற்றது சைகை வரும் ஜோடி. இரண்டில் சற்றுக் கூடுதலாக இருப்பது வழக்கமாக மின்சாரம் கொடுக்கும் ஜோடி. கம்பெனி எழுதித் தராத ஒன்றைப் பத்து நிமிடத்தில் நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். முதன்முதலாக இதைச் செய்த அன்று அந்த ஆறு எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது இரண்டு பென்சில் பேட்டரிகளைத் தொடராக வைத்து 3 வோல்ட் கொடுங்கள். மல்டிமீட்டரை மில்லிவோல்ட் அளவுக்கு மாற்றி மற்ற ஜோடியில் வையுங்கள். இவ்வகைச் செல்கள் பெரும்பாலும், முழு எடையில், கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 2 மில்லிவோல்ட் தரும். 50 கிலோவுக்கு 6 மில்லிவோல்ட் என்றால், 20 கிலோ தொங்கும்போது 2.4 வர வேண்டும். எண் சீராக ஏறி இறங்கினால் செல் நல்ல நிலையில் இருக்கிறது. பாதி நேரம் கோளாறு இங்கே இருக்காது. ஈரக் கொழுந்து மூட்டையிலிருந்து வடிந்த நீர் கம்பி பற்றவைத்த இடத்தில் இறங்கிப் பச்சைப் பூத்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுப் பழைய பல் துலக்கியால் தேய்த்து, புதிதாகப் பற்றவைத்தால் வேலை முடிந்தது.

முடியாவிட்டால் பலகையைப் படிக்க வேண்டும். இரு பக்கமும் போட்டோ எடுத்து, பின்பக்கப் படத்தை இடவலமாகத் திருப்பி, பின்னால் டார்ச் பிடித்துப் பாதைகளைத் தாளில் வரையுங்கள். எட்டுக் கால் ஐசி ஒன்றின் மேல் 24சி02 என்றிருந்தால் அது 256 பைட் கொள்ளும் நினைவகம். தராசின் அளவுத்திருத்தம், அதாவது சரியான எடையைக் காட்ட அமைத்த எண், அநேகமாக அதில்தான் இருக்கும். அதைக் கழற்றி, சிஎச்341ஏ போன்ற மலிவான கருவியில் வைத்துப் படித்து, முதல் வேலையாக ஒரு நகல் சேமித்துக்கொள்ளுங்கள். நகல் இல்லாமல் எதையும் எழுதக் கூடாது. தராசின் சொந்த அளவுத்திருத்த முறையை ஒருமுறை ஓட்டி, மறுபடி படித்து, இரண்டு நகல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தப் பைட்டுகள் மாறின என்று தெரிந்துவிடும்.

முறையைச் சொல்லிவிட்டேன். எந்த மாடலில் எந்தப் பைட் என்பதை எழுத மாட்டேன். நேரில் கேட்டாலும் சொல்வதில்லை. பழுது பார்க்கிறவனுக்கு அது தேவையில்லை, எடைக்கல்லை மாட்டித் திருத்தினால் போதும். அந்த எண் எடையைத் திருட நினைப்பவனுக்குத்தான் வேண்டும்.

எங்கே நிறுத்துவது என்றும் தெரிய வேண்டும். முக்கிய ஐசிக்குப் பதிலாகப் பலகையின் நடுவில் கறுப்புப் பிசின் பொட்டு ஒன்று இருந்தால், சில்லு அதற்குள் புதைந்திருக்கிறது. அதைச் சுரண்டித் திறந்து படிப்பது நம் மேசையில் நடக்காது. நான் பலகையை ஒதுக்கிவிட்டு, செல்லின் சைகையை எண்ணாக்கும் எச்எக்ஸ்711 என்ற 24 பிட் மாற்றியையும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றையும் பழைய லோட் செல்லுடன் இணைத்துவிடுவேன். செல்லைப் புரிந்துகொண்டவனுக்குக் கம்பெனியின் மென்பொருள் தேவைப்படாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறையாகப் பெற்ற நிரலை ஓட்டிப் பார்த்தும் சோதித்தும் அதன் அடிப்படைக் கருத்தை அறிந்துகொள்ள இடம் தருகிறது. அந்த நிரலை அப்படியே நகலெடுத்து விற்க இடம் தரவில்லை.

முத்திரை ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்று பின்னால் சொல்வதாகச் சொன்னேன். இனி அந்தக் கதை, ஒரு தராசின் கதை. போன தை மாதம் ஒருவர் கொண்டுவந்தார். முத்திரை இல்லை. "வீட்டுத் தராசுதான், எண் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது" என்றார். அவர் போன பிறகு திறந்தேன். பேட்டரி அறைக்குப் பின்னால், கட்டைவிரல் அகலத்தில் இன்னொரு பலகை. ரிமோட் சைகையை வாங்கும் பெறுவான் அது. விரல் நீளத்துக்குச் செம்புக் கம்பி ஆண்டெனாவாகச் சுருண்டிருந்தது. அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் லோட் செல்லின் நான்கு மின்தடைகளில் ஒன்றுக்குப் போயின. என்னிடம் இருந்த பழைய கேட் ரிமோட்டை அதற்குப் பழக்கினேன், ஏற்றுக்கொண்டது. 20 கிலோ தொங்கவிட்டு அழுத்தினேன். எண் 19 ஆனது. இன்னொருமுறை அழுத்தினேன், 20. கடையில் வேறு யாரும் இல்லை. எனக்குக் கை குளிர்ந்துவிட்டது.

எங்கள் குடும்பம் 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தது. அம்மா ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தார். கொழுந்து நிறுக்கும் இடமான மடுவத்தில் நிறுத்த பிறகு ஈரத்துக்கு என்று கழித்துத்தான் எழுதுவார்கள். எவ்வளவு பறித்தோம், எவ்வளவு எழுதினார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து கூடைக் கயிறு பதிந்த நெற்றியைத் தடவியபடி, "இன்னிக்கு இன்னும் கூட இருக்கும்னு நெனச்சேன்" என்பார். அந்தச் சொல் என் காதில் இன்னும் இருக்கிறது.

தராசுக்காரர் வந்ததும், அந்தப் பலகையை மீண்டும் இணைக்க முடியாது என்று சொல்லி, கூலி வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வாடிக்கையாளரின் கருவியில் பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது நானே வைத்துக்கொண்ட விதி. ஒருவரின் போனில், கேமராவில் என்னென்னவோ கண்ணில் படும். அதைக் காப்பாற்றாதவனிடம் யாரும் கருவி கொடுக்க மாட்டார்கள். அதனால் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்தரங்கம் என்பது அவருடைய பொருளில் உள்ள அவருடைய விஷயம். அந்தப் பலகையில் இருந்ததோ மூட்டை மாட்டுகிறவர்களின் கூலி. மூன்றாம் நாள் போட்டோக்களுடன் முத்திரை ஆய்வாளர் அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்தேன். அந்த இரண்டு நாள் தாமதத்தை இன்னும் தவறென்றே நினைக்கிறேன்.

கேட் ரிமோட்டிலும் இதே எச்சரிக்கை வேண்டும். இவி1527 போன்ற சில்லு உள்ளவை ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை அனுப்பும். பிடித்துத் திரும்ப அனுப்புவது எளிது. உங்கள் ரிமோட்டில் சோதியுங்கள். பக்கத்து பங்களா ரிமோட்டை, வெறும் ஆர்வத்துக்குக்கூட, தொடாதீர்கள்.

பழுது முடிந்ததும் மலையிலேயே அளவுத்திருத்தம் செய்யுங்கள். தராசு அளப்பது பூமி இழுக்கும் விசையைத்தான். ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோத்தகிரியில் அந்த இழுப்பு சமவெளியைவிடக் கொஞ்சம் குறைவு. சமவெளியில் திருத்திய தராசு இங்கே 50 கிலோவுக்கு 20 கிராம் அளவில் குறைத்துக் காட்டும். சிறிய தொகை, ஆனாலும் அது விவசாயியின் தொகை. 5, 10, 20 கிலோ எடைக்கற்களை உரிமையாளர் பார்க்க மாட்டி, மூன்று எண்களையும் நோட்டில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

அந்தத் தை மாதத்துக்குப் பிறகு, முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கல் ஒன்றைக் கடை வாசலில் வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் தங்கள் தராசைக் கொண்டுவந்து மாட்டிப் பார்க்கலாம். அதற்குக் காசு வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வருகிறவர்கள் மாட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.