சிங்கமா, முதலையா? தீர்ப்புச் சொல்லும் முறை, படிப்படியாக

வன்னியில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் என்னிடம் தரம் ஆறு பிள்ளைகள் ஆண்டு தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு: "சேர், சிங்கமும் முதலையும் சண்டை பிடித்தால் எது வெல்லும்?" வகுப்பு உடனே இரண்டாகப் பிரிந்துவிடும். குளத்தங்கரையில் வீடுள்ள பிள்ளைகள் அனைவரும் முதலையின் பக்கம் நிற்பார்கள். அந்த வாதத்தை எப்படித் தீர்ப்பது என்பதை, விலங்கியல் எதுவும் தெரியாதவரும் பின்பற்றக்கூடிய படிகளாகக் கீழே எழுதுகிறேன்.

முதலாவது படி, எந்தச் சிங்கம், எந்த முதலை என்று முடிவு செய்வது. ஆபிரிக்கச் சிங்கம் எதிர்கொள்வது நைல் முதலையை. ஆசியச் சிங்கம் இன்று குஜராத்தின் கிர் காட்டிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் மட்டுமே காட்டில் வாழ்கிறது. அங்குள்ள நீர்நிலைகளில் இருப்பதும் வன்னியின் இரணைமடு, முத்தையன்கட்டுக் குளங்களில் நாம் காணும் அதே குளத்து முதலை இனந்தான். ஆகவே நம்மூர் முதலையை வைத்து வாதாடுபவர் கிர் சிங்கத்தையே எதிரே நிறுத்த வேண்டும். (இலங்கையில் இன்று காட்டுச் சிங்கம் இல்லை. இரத்தினபுரிப் பக்கம் குருவிட்டையில் கிடைத்த பற்களைக் கொண்டு, இங்கும் ஒரு காலத்தில் சிங்கம் இருந்ததென 1939 இல் விலங்கியலாளர் தெரணியகல விவரித்தார். நமது வாதத்துக்கு அது உதவாது.)

இரண்டாவது படி, இரண்டையும் நிலத்தில் வரைவது. விளையாட்டுப் போட்டிக்குக் கோடு போடும் சுண்ணாம்புத் தூள் போதும். வளர்ந்த ஆண் சிங்கத்துக்கு, வாலை விட்டு, இரண்டு மீற்றர் வரையுங்கள். எடை 150 முதல் 225 கிலோ என்று பக்கத்தில் எழுதுங்கள். பெரிய நைல் முதலைக்கு நாலரை மீற்றர் வரைந்து, 400 கிலோவுக்கு மேல் என்று எழுதுங்கள். அந்த நீளத்தில் ஏறக்குறைய பாதி வால் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கநிலையினர் தவறும் இடம் இதுதான்: முதலையின் நீளம் இரு மடங்கானால் எடை இரு மடங்காவதில்லை, ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. இரண்டு மீற்றர் முதலை சிங்கத்துக்கு இரை. நாலரை மீற்றர் முதலைக்குச் சிங்கமே இரையாகலாம். "முதலை" என்று மட்டும் சொல்லி அளவைச் சொல்லாதவரோடு வாதாடுவது வீண்வேலை.

மூன்றாவது படி, ஆயுதங்களை ஒப்பிடுவது. எரிக்சன் என்னும் ஆய்வாளரின் குழு 2012 இல் வெளியிட்ட அளவீட்டின்படி, நமது இரு முதலைகளுக்கும் உறவான உவர்நீர் முதலையொன்று 16,414 நியூற்றன் விசையோடு கடித்தது. சிங்கத்தின் கடி அதில் பாதியைக்கூட எட்டாது. ஆயினும் கடியின் விசையைவிட, கொல்லும் முறை எதிரிக்குப் பொருந்துகிறதா என்பதே என் கண்ணில் முக்கியமானது. சிங்கம் பெரிய இரையைக் கொல்வது பெரும்பாலும் குரல்வளையைக் கவ்வி மூச்சை அடக்கித்தான். நீருக்கடியில் நெடுநேரம் மூச்சை அடக்கிக் கிடக்கக்கூடிய, கழுத்தின் மேற்புறத்தில் எலும்புத் தகடுகள் பதிந்த ஒரு பிராணியிடம் அந்த முறை செல்லாது. சிங்கம் அதைப் புரட்டி மென்மையான அடிப்பக்கத்தைத் தேட வேண்டும். முதலையோ தசையைக் கவ்வியபடி உடலை உருட்டிப் பிய்க்கும், அல்லது நீருக்குள் இழுத்து அமிழ்த்தும். அமிழ்த்துவதற்கு நீர் வேண்டும்.

அதனால் நான்காவது படிதான் தீர்ப்பின் முக்கால் பங்கு: நீர்க்கோட்டை, அதாவது எந்த ஆழத்திலிருந்து முதலையின் கை ஓங்குகிறது என்று காட்டும் கோட்டை, கீறுவது. ஆழமான நீரில் முதலை வெல்லும், நீரை விட்டு நீங்கினால் மற்றவை அதை வெல்லும் என்று வள்ளுவர் இடனறிதலில் சொல்லிவிட்டார்; எவ்வளவு ஆழம் என்பதை மட்டும் நம்மிடம் விட்டுவிட்டார். சிங்கத்தின் தோளுயரம் ஒரு மீற்றரைச் சற்றுத் தாண்டும். பாதம் மட்டும் நனையும் நீரில் சிங்கம் காலூன்றிப் பின்வாங்கலாம். வயிறு நனையும் நீரில் அதன் பாய்ச்சல் போய்விடுகிறது. கால் நிலத்தில் பாவாத நீரில் நகமும் வேகமும் பயன்படா. அலைகரையில் மாடு மேய்ப்பவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஐந்தாவது படி நேரம். முதலையின் வெடிப்பான ஆற்றல் பெரும்பாலும் ஒட்சிசன் இல்லாமல் பிறப்பது. சில நிமிடங்களில் தசைகளில் லக்றிக் அமிலம் சேர்ந்து அது சோர்ந்துவிடும், மீள்வதற்குப் பல மணி நேரமாகும். சிங்கமும் நெடுந்தூர ஓட்டக்காரன் அல்ல. ஆனால் அது கூட்டமாக வரும். ஒன்று களைத்தால் இன்னொன்று முன்னே நிற்கும். தரையில் சண்டை நீண்டால் சிங்கத்தின் பக்கம் ஒரு புள்ளி கூட்டுங்கள்.

ஆறாவது படி, வெற்றி என்றால் என்ன என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. தென்னாபிரிக்காவின் குரூகர் பூங்காவில் 2004 இல் பதிவான காணொளியில், சிங்கங்கள் பிடித்த எருமைக்கன்றை நீருக்குள்ளிருந்து ஒரு முதலை கவ்வி இழுக்கிறது. சிங்கங்கள் கரையிலிருந்து இழுத்து அதை மீட்கின்றன. யாரும் சாகவில்லை; இரை சிங்கங்களிடம் இருந்தது. (பிறகு எருமைக்கூட்டம் வந்து கன்றை அழைத்துச் சென்றது வேறு கதை.) உகண்டாவில் 2024 இல், முதலைகள் உள்ள கசிங்கா கால்வாயை இரண்டு ஆண் சிங்கங்கள் இரவில் நீந்திக் கடந்தன, அவற்றில் ஒன்றுக்கு மூன்று கால்களே இருந்தன. இயற்கையில் இவை இரண்டும் பெரும்பாலும் சண்டையைத் தவிர்க்கின்றன.

இனி ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். சிறுபோக முடிவில் வற்றிய குளத்தை விட்டு, மூன்று மீற்றர் முதலையொன்று வேறு நீர் தேடித் தரையில் நடக்கிறது. எதிரே மூன்று பெண் சிங்கங்கள். அளவு சிங்கங்களுக்குச் சாதகம், இடமும் நேரமும் அப்படியே. முதலை தப்பினால் அதிர்ஷ்டம். அதே குளம் காலபோக மழையில் நிறைந்து, வயிறளவு நீரில் நிற்கும் தனிச் சிங்கத்தின் முன்னங்காலை அதே முதலை கவ்வினால், அமிழ்த்தும் அளவுக்கு அதற்குப் பாரம் போதாது; காயத்தோடு சிங்கம் கரையேறும் என்பதே என் தீர்ப்பு. அங்கு நாலரை மீற்றர் முதலையை வைத்தால் சிங்கம் கரையேறாது.

பயிற்சிக்கு, சிங்கத்தை எடுத்துவிட்டு நமது காட்டுச் சிறுத்தையை வைத்துப் பாருங்கள். இரண்டாவது படியில் உள்ள நீளத்தையும் எடையையும், நான்காவது படியில் உள்ள தோளுயரத்தையும் மாற்றுங்கள்; சிறுத்தை தனித்தே திரிவதால் ஐந்தாவது படியில் கூட்டத்தையும் எடுத்துவிடுங்கள். அதன்பின் நீர்க்கோடு எவ்வளவு தூரம் கரைப்பக்கம் நகர்கிறது என்று அளந்து, தூளால் புதிய கோடு போடுங்கள்.