நொறுங்கிய வண்டிக்குள் ஆள் இருக்கும்போது செய்யக்கூடாதவை

உள்ளே ஒருவர் முனகும் சத்தம் கேட்டதும் எல்லாருடைய கையும் நேராகக் கதவுக்குத்தான் போகிறது. மீட்பில் நடக்கும் முதல் தவறு அதுதான். அசையாமல் கிடப்பதுபோலத் தெரியும் வண்டி, கதவைப் பிடித்து இழுத்தாலே உருளலாம், சரியலாம். முதுகெலும்பில் அடிபட்டவருக்கு அந்தச் சின்ன ஆட்டமே போதும், காயம் மோசமாகிவிடும்.

நான்கு சக்கரமும் தரையில் இருந்தாலும் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வையுங்கள். ஸ்பிரிங்கின் ஆட்டம் அப்போதும் இருக்கும். அதனால் கதவுகளுக்குக் கீழே ஓடும் சட்டத்துக்கு அடியில், இரண்டு பக்கமும் கட்டை அடுக்கி முட்டுக் கொடுக்க வேண்டும். டயரில் காற்றை இறக்குவதாக இருந்தால் கட்டை வைத்த பிறகுதான்.

பக்கவாட்டில் சாய்ந்த வண்டியை நாலு பேர் சேர்ந்து தள்ளி நிமிர்த்துவதுதான் இருப்பதிலேயே பெரிய ஆபத்து. உள்ளே இருப்பவர் வண்டியோடு சேர்ந்து புரளுவார். தீப்பிடித்தது போன்ற வேறு வழியே இல்லாத நிலை தவிர, கிடக்கும் நிலையிலேயே முட்டுக் கொடுத்து, பின்பக்கம் வழியாகவோ கூரையை வெட்டியோ உள்ளே போகலாம். ஜாக்கி வைத்துத் தூக்கினால், தூக்கத் தூக்கக் கட்டையும் ஏற வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கை விடவே கூடாது.

அடுத்தது மின்சாரம். சத்தம் இல்லாததால் மின்சார வண்டி அணைந்திருக்கிறது என்று நினைக்காதீர்கள். இக்னிஷனை அணைத்து, பக்கத்தில் இருந்தாலே வண்டியை இயக்கவிடும் ஸ்மார்ட் சாவியைத் தூரமாக எடுத்துப் போங்கள். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற கேபிளைத் தொடவோ வெட்டவோ வேண்டாம். 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றும் அவசரத்தில் பலரும் மறப்பது ஒன்று உண்டு: பவர் விண்டோ, மின்சார சீட், கதவுப் பூட்டு எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. வேலை செய்தால் முதலில் அவற்றைத் திறந்து, நகர்த்தி வையுங்கள். அப்புறம் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள்.

கழற்றிய பிறகும் ஏர்பேக் அமைப்பில் மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும். வெடிக்காத ஏர்பேக்குக்கும் அடிபட்டவருக்கும் நடுவில் தலையை நீட்டாதீர்கள். கூரைத் தூணை வெட்டும் முன் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துப் பார்ப்பது கட்டாயம். சில வண்டிகளில் பக்கத் திரை ஏர்பேக்கின் (பக்க ஜன்னல் மேல் திரைபோல விரிவது) அழுத்த வாயு உருளை அங்கேதான் இருக்கும். கட்டர் அதில் பட்டால் வெடிக்கும்.

வண்டிக்கு முட்டுக் கொடுத்தாகிவிட்டது என்றால், கண்ணாடியை உடைப்பதற்கு முன் எல்லாக் கதவையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், ஒன்று திறந்துவிடலாம். உடைத்தே ஆக வேண்டுமென்றால் அடிபட்டவருக்குத் தள்ளி இருக்கும் பக்கக் கண்ணாடியைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தால் அவரைத் துணியால் மூடிவிட்டு.