இலங்கைச் சீகாரப் பூங்குருவியைத் தேடிப் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பறவை ஆர்வலர்கள் பலருக்கும் கண் பழகியது எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும்தான். திறந்த சேற்றுவெளி, தூரத்தில் பூநாரைக் கூட்டம், வெயில் ஏறினாலும் உள்ளான்கள் அங்கேயே மேய்ந்துகொண்டிருக்கும். அந்தப் பழக்கத்தோடு இலங்கை மலைக்காட்டுக்குப் போனால் இந்தக் குருவி கண்ணில் படாது.

நேரத்தில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். மலைநகரமான நுவரெலியாவில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு எட்டு மணிக்கு ஹோர்ட்டன் சமவெளி என்கிற உயர்மலைத் தேசியப் பூங்காவுக்குப் போனால் பயனில்லை. அடர்காட்டு ஓடைக்கரையின் இருட்டிலேயே வாழ்கிற பறவை இது, விடிகிற நேரத்திலும் பொழுது சாய்கிற நேரத்திலும்தான் வெளியே தலை காட்டும். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் குளிர் கடுமையாக இருக்கும், ஸ்வெட்டர் இல்லாமல் போய் நடுங்கிக்கொண்டு நின்றால் பைனாகுலரும் கையில் நிற்காது.

அடுத்தது, அங்கே சாதாரணமாகத் திரியும் கரும்பூங்குருவியைப் பார்த்துவிட்டு இதுதான் என்று பதிவு போடுவது. அலகைப் பாருங்கள்: கரும்பூங்குருவி ஆணுக்கு அலகும் கண்வளையமும் ஆரஞ்சு நிறம், இலங்கைச் சீகாரப் பூங்குருவிக்கு அலகு கருப்பு. ஆண் கருநீலம், தோளில் பளிச்சென்ற நீலத் திட்டு, பெண் பழுப்பாக இருந்தாலும் தோளில் அந்த நீலம் மங்கலாகத் தெரியும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் சீகாரப் பூங்குருவி வேறு இனம், உருவத்தில் பெரியது, அது இலங்கையில் கிடையாது.

எனக்குப் பொறுக்கவே முடியாத தவறு, மொபைலில் அதன் குரலைப் போட்டு வரவழைப்பது. தன் எல்லைக்குள் வேறொரு பறவை நுழைந்துவிட்டது என்று நினைத்து இரை தேடுவதை விட்டுவிட்டு அது பதறி ஓடி வரும், அடுத்த குழு வந்து மறுபடியும் போடும், ஒரே ஓடைக்கரையில் இது திரும்பத் திரும்ப நடந்தால் அந்த ஜோடி என்ன செய்யும்? உலகத்திலேயே இலங்கையின் மத்திய மலைக்காடுகளில் மட்டும் வாழ்கிற, அழியும் ஆபத்தில் உள்ள இனம் இது. மெல்லிய, கீச்சென்ற நீண்ட விசில் அதன் குரல், அசையாமல் நின்றால் ஓடைச் சத்தத்தையும் தாண்டி அதுவாகவே காதில் விழும்.

ஃபிளாஷும் வேண்டாம். சாப்பாட்டு மிச்சத்தைப் போட்டுவிட்டு வந்தால் காக்கை சேரும், காக்கை முட்டையைத் தின்னும். அப்புறம், ஓடையோரப் பாறை இடுக்கிலோ மரக்கவையிலோ கூடு தென்பட்டால் படமெடுக்க நிற்காமல் நகர்ந்துவிடுங்கள், இடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.