நீலகிரியில் இருந்து காமிக்ஸ் வாய்ப்புத் தேடுவோருக்கு: மாதிரிப் பக்கங்கள் தயாரிக்கும் முறை

பதிப்பாளரிடம் வாய்ப்புக் கேட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் அழகான தனிப்படங்களையே கொண்டுபோகிறார்கள். அது போதாது. ஒரே கதையின் தொடர்ச்சியான 4 அல்லது 5 பக்கங்கள் வேண்டும். முதல் படக்கட்டத்தில் வந்த ஆள் இருபதாவது படக்கட்டத்திலும் அதே ஆளாகத் தெரிகிறானா, வசனத்துக்கு இடம் இருக்கிறதா என்றுதான் அங்கே பார்ப்பார்கள்.

ஏ4 அளவில் அச்சாகும் பக்கத்தை ஏ3 தாளில் வரையுங்கள். அச்சில் சுமார் 71 சதவீதமாகச் சுருங்கும், 0.3 மி.மீ. கோடு 0.2 ஆகிவிடும். அதைவிட மெல்லிய கோடு அறுந்து தெரியும். தாளின் விளிம்பு வரை படம் ஓட வேண்டுமென்றால், அச்சானபின் ஓரம் வெட்டுவதற்காக எல்லாப் பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக வேண்டும், அப்போது ஏ3 பற்றாது. முதல் மாதிரிகளில் சுற்றிலும் 2 செ.மீ. வெள்ளை விட்டுவிடுவது நல்லது.

மலையில் பெரிய தலைவலி மைதான். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதலும் தாள் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் தாளில் மை விளிம்பு மீறிப் பரவும், கோடு மயிர்மயிராகப் பிசிறடிக்கும். 200 ஜி.எஸ்.எம்.முக்குக் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாளின் எடைக் கணக்கு) குறையாத வழுவழுப்பான தாளை வாங்கி, இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அன்றைக்குத் தேவையான ஒரு தாளை மட்டும் வெளியே எடுங்கள்.

புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். சோப்புத் தண்ணீரில் துடைக்காவிட்டால் மை சொட்டுச் சொட்டாக விழும். தண்ணீரில் கரையாத இந்தியன் இங்க் நிப்பிலேயே காய்ந்து இறுகிவிடும், அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். பென்சில் கோட்டை அன்றைக்கே அழிக்காதீர்கள். அடர்கறுப்பு இடங்கள் மேலே காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே ஈரமாக இருக்கும். ரப்பர் பட்டதும் சாம்பல் நிறத்தில் இழுபடும். மறுநாள் காலை அழியுங்கள். அவசரமென்றால் ஹேர் டிரையரை ஓர் அடி தள்ளிப் பிடிக்கலாம். ஹீட்டர் முன்னால் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து தாள் சுருளும்.

கதைக்களம் உங்கள் ஊரே என்றால் தப்பு செய்ய இடமே இல்லை. மலை ரயிலை வரைகிறவர்கள் எஞ்சினை முன்னால் போட்டுவிடுவார்கள். கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும்; தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் ஓடும். இறங்கும்போது அதே எஞ்சின் முன்னால் இருக்கும். நீலகிரி மந்தி கறுப்பு உடலும் பழுப்புத் தலையும் கொண்டது. உடம்பு முழுக்க ஒரே கறுப்பாக அப்பிவிடாதீர்கள்.

வசனத்தை முதலில் எழுதி, அதைச் சுற்றிக் குமிழி போடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். குறுகிய குமிழியில் வரிக்கு ஒரு சொல்தான் நிற்கும். ‘கி’யின் விலங்கு மேலேயும் ‘கூ’வின் சுழி கீழேயும் நீளுவதால் வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள்.

கோட்டுப்படத்தை 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு, கறுப்பு மையில் மட்டுமே இருக்கட்டும். நான்கு வண்ணம் கலந்த கறுப்பென்றால் அச்சுத் தட்டு இம்மி நகர்ந்தாலும் கோட்டோரம் வண்ணம் எட்டிப்பார்க்கும். எழுத்தை வடிவக்கோடாக (அவுட்லைன்) மாற்றி அனுப்புங்கள். இல்லையென்றால் அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும்.

வேலை கிடைத்தால் பக்கத்துக்கு எவ்வளவு, எத்தனை திருத்தம், மூலப் பக்கம் யாருக்கு என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில்தான் செல்லும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். ‘எல்லா உரிமையும், என்றென்றைக்கும்’ என்ற வரி கண்ணில் பட்டால் கையெழுத்துக்கு முன் விலையை மறுபடி பேசுங்கள்.