பண்ணைக்கு துப்பாக்கி வாங்குறப்ப காசும் போய் வேலையும் ஆகாம போற தப்புகள்

பயிரைத் திங்குற, கோழியைத் தூக்குற பிராணிங்களுக்காக ஒரு துப்பாக்கி வாங்கணும்னு வர்றவங்க கேக்குற முதல் கேள்வி "விலை கம்மியா, நல்லா உழைக்கிற மாதிரி எந்த மாடல்?"ங்கிறதுதான். எந்த பிராணி, எவ்ளோ தூரத்துல நிக்கும், அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு திருப்பிக் கேட்டா பாதி பேர் முழிப்பாங்க. இந்த மூணுக்கும் பதில் இல்லாம கடைக்குப் போனா அங்க எது விக்காம தேங்கிக் கிடக்கோ அதைத் தூக்கிட்டு வரவேண்டியதுதான்.

அதுக்கும் முன்னாடி சட்டம். ஒவ்வொரு நாட்டுலயும் ஒவ்வொரு மாதிரி, சில இடத்துல காத்தழுத்தத்துல சுடுற ஏர் ரைஃபிளுக்கு பேப்பரே வேணாம், சில இடத்துல அதுக்கும் லைசென்ஸ் வேணும். இதுல நிறைய பேர் கோட்டை விடுறது எங்கன்னா, துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தா கண்ணுல படுறதை எல்லாம் சுடலாம்னு நினைச்சுக்கிறாங்க, அது வேற இது வேற. பயிரை அழிக்கிற பிராணியா இருந்தாலும் பாதுகாக்கப்பட்ட இனமா இருந்தா தனி அனுமதி இல்லாம தொடக்கூடாது, மாட்டினா துப்பாக்கியும் போகும் லைசென்ஸும் போகும்.

அப்புறம் துப்பாக்கியே தேவையான்னும் யோசிங்க. எலிக்கு கர்ப்பகாலம் மூணு வாரத்துக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான், நீங்க ராத்திரி முழுக்க உக்காந்து சுட்டாலும் தானியம் கொட்டிக் கிடக்குற குடோன்ல அது பெருகிட்டேதான் இருக்கும். ஓட்டையை அடைக்காம எலிக்கு துப்பாக்கி வாங்குறது வெட்டிச் செலவு. காட்டுப்பன்றி கதை இன்னும் மோசம், கூட்டத்துல ஒண்ணை சுட்டா மத்ததெல்லாம் செதறி ஓடி உஷாராயிடும், அடுத்த தடவை கூண்டு வச்சாலும் கிட்ட வராது. கூட்டமா வந்தா முதல்ல மொத்தமா பிடிக்கிற பெரிய கூண்டு, மாட்டாம தப்பிச்சு அலையுற ஒண்ணு ரெண்டுக்குத்தான் ரைஃபிள்.

சரி, வாங்கித்தான் ஆகணும்னா அடுத்த தப்பு கேலிபர்ல, அதாவது குண்டு, குழல் அகலத்துல; .22ன்னா 0.22 அங்குலம். இங்க ரெண்டு கோஷ்டி, ஒண்ணு முயலுக்கு மான் ரைஃபிள் கேக்கும், இன்னொண்ணு பன்றிக்கு .22 போதும்னு சாதிக்கும். .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தோட்டா 1887லயே வந்தது, இன்னைக்கும் முயல் மாதிரி சின்ன பிராணிக்கு 50, 60 மீட்டர் வரைக்கும் அதைவிட சல்லிசா வேலை செய்யுற ஒண்ணு கிடையாது, ஆனா அதோட குண்டு வெறும் 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். பன்றி மேல அதை சுட்டா அது காயத்தோட புதருக்குள்ள போய் நாள்கணக்குல செத்துட்டு இருக்கும், இல்லேன்னா திரும்பி உங்க மேலயே பாயும். ரெண்டுமே வேணாம்.

சின்ன கேலிபர்தானேன்னு அலட்சியமா இருக்குறதும் தப்பு. .22 குண்டு ரெண்டு கிலோமீட்டருக்கு மேல போகும்னு தோட்டா டப்பாலயே எச்சரிக்கை போட்டிருப்பாங்க, யாரும் படிக்கிறதில்ல. மெதுவா போற ஈயக்குண்டுங்கிறதால தண்ணி, கல்லு, காஞ்சு இறுகின மண்ணுன்னு எதுல பட்டாலும் உடையாம தெறிச்சு வேற பக்கம் போகும். அதனால மரத்து உச்சியில உக்காந்திருக்குற காக்காவை கீழ இருந்து ரைஃபிள்ல சுடவே கூடாது, தப்பிச்ச குண்டு எங்க இறங்கும்னு யாருக்கும் தெரியாது. பறவைக்கு ஒரே தடவைல நிறைய சின்ன ரவைங்களை வீசுற ஷாட்கன்தான், அந்த ரவைங்க சீக்கிரமே வேகம் இழந்துரும், 35 மீட்டர் தாண்டினா நம்பி சுடக்கூடாதுங்கிறதுதான் அதோட குறை. கொட்டகைக்குள்ள புறா, எலின்னா ஏர் ரைஃபிள், தகரக்கூரையும் தண்ணி பைப்பும் தப்பிக்கும்.

.17 எச்.எம்.ஆர்.னு ஒரு ரைஃபிள் தோட்டா 2002ல வந்துச்சு, வெறும் 17 கிரெய்ன் குண்டு செகண்டுக்கு 770 மீட்டருக்கு மேல பறக்கும், 100 மீட்டரைத் தாண்டியும் நேர்கோடு மாதிரி போகும், பட்டதும் பெரும்பாலும் செதறிடுறதால தெறிக்கிற பயமும் கம்மி. ஆனா காத்தடிச்சா ஒதுங்கும், தோட்டா விலையும் சத்தமும் .22ஐ விட ஜாஸ்தி. திறந்தவெளி நிலம், தூரத்துல பிராணின்னா அது சரி, தோப்புக்குள்ள அது வீண். அதே மாதிரி உதைக்காதேன்னு .410ங்கிற சின்னக் குழல் ஷாட்கன் வாங்குறவங்களும் இருக்காங்க, ரவை எண்ணிக்கை ரொம்ப கம்மி, குறி பழகினவங்களுக்குத்தான் அது ஒத்துவரும். ஷாட்கன்னா 12 கேஜ்ல (கேஜ்ங்கிறது ஷாட்கன் குழல் அளவு, எண் குறைஞ்சா குழல் பெருசு) போறதுதான் நல்லது, எங்க போனாலும் தோட்டா கிடைக்கும்.

பட்ஜெட் போடுறப்ப துப்பாக்கி விலையை மட்டும் பாக்குறது எல்லாரும் பண்றது. ஸ்கோப் (குறி பாக்குற தூரநோக்கி), அதை மாட்டுற மவுன்ட், பூட்டி வைக்கிற பெட்டி, க்ளீனிங் சாமான், பழகுறதுக்கு தோட்டா, காதுக்கு மூடி, இத்தனையும் கூட்டினா துப்பாக்கி விலையை எட்டிப் பிடிக்கும். காது மூடியை யாரும் கணக்குல சேக்குறதே இல்ல, ஆனா .22 ரைஃபிள் சத்தமே 140 டெசிபலை ஒட்டி வரும், 12 கேஜ் 150ஐத் தாண்டும், 140க்கு மேல ஒரே ஒரு சத்தமே காதைக் கெடுக்கப் போதும். ஸ்கோப்லயும் கவனம் வேணும், ஸ்ப்ரிங் வச்ச ஏர் ரைஃபிள் சுடுறப்ப பின்னாடியும் முன்னாடியும் ரெண்டு பக்கமும் உதறும், சாதா ரைஃபிள் ஸ்கோப்பை மாட்டினா கொஞ்ச நாள்லயே உள்ள இருக்குற கண்ணாடி ஆட்டம் கண்டுரும், அதுக்குன்னு செஞ்ச ஸ்கோப் தனியா இருக்கு.

நல்லா உழைக்கணும்னா கனமா, இரும்பா இருக்கணும்னு ஒரு நம்பிக்கை. உண்மையில உழைக்கிறது பாகங்கள் கம்மியா இருக்குறதுதான். என்னைக் கேட்டா ஒவ்வொரு தடவையும் கையால போல்ட்டை இழுத்து தோட்டா ஏத்துற ஒரு போல்ட் ஆக்‌ஷன் .22, இல்லேன்னா குழலை மடிச்சுத் திறக்குற ஒத்தக்குழல் 12 கேஜ், இந்த ரெண்டுல ஒண்ணு பெரும்பாலான பண்ணைக்குப் போதும், பாக்க கவர்ச்சியா இருக்காது, அவ்ளோதான். தானே அடுத்த தோட்டாவை ஏத்திக்கிற செமி ஆட்டோ .22 வேகமா சுடும், ஆனா அழுக்கு சேந்தா சிக்கும், சத்தம் கம்மியா வர்ற சப்சோனிக் தோட்டா போட்டா பல துப்பாக்கில அடுத்த தோட்டாவை ஏத்தவே ஏத்தாது, போல்ட் ஆக்‌ஷன்ல எதைப் போட்டாலும் ஓடும். ஆனா லேசான ஒத்தக்குழல் 12 கேஜ் தோளை நல்லாவே உதைக்கும், வாங்குறதுக்கு முன்னாடி ஒருதடவை சுட்டுப் பாக்க முடிஞ்சா பாத்துருங்க. மேகசின் (தோட்டா அடுக்குற டப்பா), ஃபயரிங் பின் (தோட்டாவைத் தட்டுற ஊசி) மாதிரி சாமான் தனியா கிடைக்குதான்னும் கேளுங்க, மேகசின் தொலைஞ்சு வேற கிடைக்காம மூலையில கிடக்குற ரைஃபிள் எவ்வளவோ இருக்கு.

செகண்ட் ஹேண்ட்ல வாங்குனா காசு நல்லா மிச்சமாகும், பாத்து வாங்கத் தெரியணும். முதல்ல உள்ள தோட்டா இல்லேன்னு கண்ணால பாத்து விரலாலயும் தடவிப் பாத்துட்டு, ஒத்தக்குழல்னா குழலைக் கழட்டி, போல்ட் ஆக்‌ஷன்னா போல்ட்டை உருவிட்டு, குழலை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு பின்பக்கத்துல இருந்து பாருங்க. உள்ள பளபளன்னு ஒரே சீரா ஓடணும். நடுவுல ஒரு இடத்துல மட்டும் கறுப்பா மோதிரம் மாதிரி நிழல் விழுந்தா குழல் அங்க வீங்கியிருக்குன்னு அர்த்தம், என்னைக்கோ உள்ள அடைப்பு இருக்கும்போது யாரோ சுட்டிருக்காங்க. எவ்வளவு குறைச்சுக் குடுத்தாலும் வேணாம்னுட்டு வந்துருங்க. மடிக்கிற துப்பாக்கில குழலுக்கு அடியில இருக்குற முன்கட்டையைக் கழட்டிட்டு குழலை மூடின நிலையில ஆட்டிப் பாருங்க, கடகடன்னு ஆடினா பூட்டு தேஞ்சு போயிருக்கு. ஸ்க்ரூ தலையெல்லாம் பிஞ்சு கிடந்தா தெரியாதவங்க கை வச்சிருக்காங்க.

பழைய ஷாட்கன்ல இன்னும் ரெண்டு ஆபத்து. சேம்பர், அதாவது தோட்டா உக்காருற இடத்தோட நீளம் 65 மில்லிமீட்டர்னு குழல்ல பொறிச்சிருக்கும், 70 மில்லிமீட்டர் தோட்டாவும் அதுல சத்தமில்லாம உள்ள போயிடும், ஏன்னா 70ங்கிறது தோட்டா சுட்டு விரிஞ்ச பிறகு வர்ற நீளம். சுடுறப்ப தோட்டாவோட வாய் விரிய இடம் இல்லாம அழுத்தம் ஏறும். அதனால உள்ள போகுதேங்கிறது ஒரு சோதனையே கிடையாது. பட்டை பட்டையா முறுக்கு டிசைன் போட்ட டமாஸ்கஸ் குழல் அழகா இருக்கும், அந்தக் கால கரிமருந்துக்கு செஞ்சது, இப்போ வர்ற தோட்டாவைப் போடாதீங்க. வீட்டுல 12, 20 ரெண்டு கேஜும் இருந்தா தோட்டாவை ஒரே பையில போடவே கூடாது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழல்ல வழுக்கி முன்னாடி போய் மாட்டிக்கும், வெளிய இருந்து பாத்தா சேம்பர் காலியாத் தெரியும், அடுத்து 12 போட்டு சுட்டா குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் கலர்ல செய்யுறதே இதுக்காகத்தான்.

வாங்கினப்புறம் பண்ற தப்புல பெருசு துப்பாக்கியை உறையோடவே பெட்டில வைக்கிறது. ஸ்பாஞ்சும் தோலும் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், மழைக்காலம் முடிஞ்சு திறந்தா குழல் முழுக்க துரு. ஸ்டெயின்லெஸ்ஸும் துருப்பிடிக்கும், கொஞ்சம் லேட்டா பிடிக்கும், அவ்ளோதான். உரமூட்டை இருக்குற ரூம்ல வச்சா இன்னும் சீக்கிரம் போகும், உரத்துல இருக்குற உப்பு இரும்பைத் தின்னுரும். துடைச்சு, லேசா எண்ணெய் காட்டி, உறை இல்லாம பூட்டுற பெட்டில வைங்க, தோட்டா வேற பெட்டில.

கடையில ஸ்கோப்பை செட் பண்ணிக் குடுத்தாங்கன்னு நேரா பிராணி மேல சுடப் போறாங்க, அது தோராயமான செட்டிங். உங்க தோட்டாவை வச்சு, நீங்க நிஜமா சுடப்போற தூரத்துல, பேப்பர்ல சுட்டு சரிபண்ணணும், தோட்டா பிராண்ட் மாத்தினா மறுபடியும். ஒவ்வொரு .22க்கும் பிடிச்ச தோட்டா ஒண்ணு இருக்கும், மூணு நாலு வகை சின்ன டப்பாவா வாங்கிப் பாத்துட்டு ஒத்துவர்றதை மொத்தமா வாங்குறதுதான் லாபம்.

சுட்டதை அப்படியே வயல்ல போட்டுட்டு வர்ற பழக்கமும் வேணாம். உடம்புக்குள்ள ஈயத்துண்டு செதறிக் கிடக்கும், அதைத் திங்குற கழுகுக்கும் நாய்க்கும் ஈயம் ஏறும், அந்தக் கழுகுதான் எலியையும் முயலையும் சம்பளம் வாங்காம பிடிச்சுக் குடுத்துட்டு இருந்தது. ஆழமா புதைச்சுருங்க, இல்லேன்னா செம்புக்குண்டுக்கு மாறுங்க, விலை ஜாஸ்திதான், .22ல குறி கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும், அதையும் பேப்பர்ல சுட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.